சுவரில் படம் மாட்டினால் போதுமா? தொழிற்சாலைப் பாராட்டுத் திட்டத்தை மாற்றியமைப்பது பற்றி

கேள்வி
எழுதியவர்: செம்பருத்தி, பிறை

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பிறைத் தொழிற்பேட்டையில் மருத்துவக் கருவிகளுக்கான பிளாஸ்டிக் பாகங்களை வார்த்து, பொதிந்து, ஏற்றுமதி செய்யும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். ஏறத்தாழ 400 பேர் வேலை செய்கிறார்கள். பெரும்பாலோர் 12 மணி நேர ஷிப்டில் இருப்பவர்கள். கூலிமிலிருந்தும் சுங்கைப்பட்டாணியிலிருந்தும் தொழிற்சாலைப் பேருந்தில் வந்து போகிறவர்கள் ஒரு பகுதியினர். விடுதியில் தங்கியிருக்கும் நேப்பாள, மியன்மார்த் தொழிலாளர்கள் இன்னொரு பகுதியினர்.

எங்களிடம் 'மாதத்தின் சிறந்த ஊழியர்' என்ற விருது இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் துறைத் தலைவர்கள் பெயர்களைப் பரிந்துரைப்பார்கள். நிர்வாகக் கூட்டத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவருக்கு 300 ரிங்கிட் மதிப்புள்ள பேரங்காடிப் பற்றுச்சீட்டும் ஒரு சான்றிதழும் கொடுத்து, கேன்டீன் சுவரில் படத்தை மாட்டுவோம். கடந்த இரண்டு ஆண்டுகளின் பட்டியலை அண்மையில் எடுத்துப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. 24 பேரில் இரவு ஷிப்டைச் சேர்ந்தவர்கள் மூவர் மட்டுமே. விடுதித் தொழிலாளர்களில் ஒருவர்கூட இல்லை. எவரையும் யாரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. பரிந்துரைக்கிற துறைத் தலைவர்கள் காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஆறு மணிக்குப் போகிறவர்கள். அவர்கள் கண்ணில் பட்டவர்களுக்கே விருது போயிருக்கிறது.

சென்ற மாதம் நடந்த ஒன்றுதான் என்னை இங்கே எழுத வைத்தது. பொதிதல் பிரிவில் 14 ஆண்டுகளாக வேலை செய்யும் ஓர் அக்காவுக்கு விருது கிடைத்தது. இரண்டாவது வாரமே அவர் என் மேசைக்கு வந்து, "தங்கச்சி, அந்தப் படத்தை எடுத்துவிட முடியுமா?" என்று கேட்டார். கேன்டீனில் பசியாறும்போது கூட வேலை செய்பவர்கள், "நாங்கள் செய்யாத எதை நீ செய்தாய்?" என்று கேட்கிறார்களாம். அந்தக் கேள்விக்கு அவருக்கே பதில் தெரியவில்லை. சான்றிதழின் நகலை எடுத்துப் பார்த்தேன். 'சிறந்த சேவையைப் பாராட்டி' என்று மட்டும் இருந்தது. அதைத் தட்டச்சு செய்தவள் நான்தான். எந்தச் சேவை, எந்த நாளில், யாருக்கு உதவியது என்று எனக்கும் தெரியாது.

இந்த நிலையில், ஊழியர்களின் ஈடுபாட்டை உயர்த்த வேண்டும், வேலையை விட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று நிர்வாகம் அடுத்த ஆண்டுக்கு 30,000 ரிங்கிட் ஒதுக்கியிருக்கிறது. ஊழியர்கள் ஒருவருக்கொருவர் புள்ளிகள் வழங்கிப் பரிசாக மாற்றிக்கொள்ளும் கைப்பேசிச் செயலி ஒன்றை வாங்கலாம் என்பது ஒரு யோசனை. மாத விருதின் தொகையை 1,000 ரிங்கிட்டாக உயர்த்தலாம் என்பது இன்னொன்று. மாத விருதைத் தொடர்வதா, நிறுத்துவதா? பணமாகக் கொடுப்பது நல்லதா, பொருளாகக் கொடுப்பது நல்லதா? இரவில் நடக்கும் வேலையைப் பகலில் முடிவெடுப்பவர்கள் எப்படி அறிந்துகொள்வது? இந்த மூன்றாவது கேள்விதான் என்னை மிகவும் அலைக்கழிக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


மறுமொழி 1
எழுதியவர்: பாயான்பாருவாசி, பினாங்கு

வணக்கம், மகளே. நான் 1981இல் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராகச் சேர்ந்து, பிறகு லைன் மேற்பார்வையாளராகி, பணி ஓய்வு பெற்றவள். 1972இல் பாயான் லெப்பாஸில் தாராள வணிக வலயம் (ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கான பகுதி) தொடங்கியதிலிருந்து எங்களைப் போன்ற தோட்டத்துப் பெண் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அங்கே நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். கொட்டகையில் பால் எடை போடும்போது, எடை குறைந்த நாளில் மட்டும் கிராணியார் (தோட்டத்துக் கணக்கர்) பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். எடை கூடிய நாளில் எண்ணை எழுதிக்கொண்டு அடுத்தவரைப் பார்ப்பார். நான் மேற்பார்வையாளரானபோது அந்தக் கொட்டகையை மறக்கவில்லை.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். எங்கள் லைனில் சில்லுக்கும் அதன் சட்டத்துக்கும் இடையே தங்கக் கம்பி கட்டும் வேலை நடக்கும். தலைமுடியைவிட மெல்லிய கம்பி. அதைப் பீங்கானால் ஆன ஒரு சிறு ஊசிமுனை பிடித்து அழுத்தும். அழுத்திய இடத்தில் ஒரு சின்ன உருண்டை விழும். ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு ஓர் ஆப்பரேட்டர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். உருண்டைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுகின்றன என்றாள். தரப்பரிசோதகர் அளந்து பார்த்தார்; அளவு எல்லைக்குள்தான் இருந்தது. ஆனாலும் அவள், "இரவு தொடங்கியபோது இப்படி இல்லை" என்று உறுதியாகச் சொன்னாள். டெக்னீஷியன் ஊசிமுனையைக் கழற்றி நுண்ணோக்கியில் வைத்தபோது ஒரு விளிம்பு தேய்ந்திருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் ஓடவிட்டிருந்தால் அந்த லாட் (ஒரே தொகுதியாகச் செய்தவை) முழுவதும் வீணாகியிருக்கும். ஆனால் காலையில் உற்பத்திப் பலகையில் என்ன தெரிந்தது? அவளுடைய இயந்திரத்தில் எண்ணிக்கை குறைவு என்பது மட்டுமே தெரிந்தது.

நான் அன்று செய்தது ஒரு சிறிய காரியம். ஷிப்ட் ஒப்படைப்புக் குறிப்பேட்டில், 'இயந்திரம் 40 நிமிடம் நிறுத்தம்' என்று எழுதுவது எங்கள் வழக்கம். அதன் கீழே அவள் பெயரை எழுதி, அவள் எதைக் கண்டாள், எதனால் நிறுத்தினாள், எது தப்பித்தது என்று மூன்று வரிகள் சேர்த்தேன். ஏழு மணிக்கு இரண்டு ஷிப்டும் சந்திக்கும் பத்து நிமிடத்தில், வருகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் நடுவில் அந்த மூன்று வரிகளை வாசித்தேன். எட்டரை மணிக்குப் பொறியாளர் குறிப்பேட்டைப் படித்துவிட்டு அவள் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தார். அவள் பேருந்தேறிப் போய்விட்டிருந்தாள். மறுநாள் மாலை ஷிப்ட் தொடங்குகிற வரை காத்திருந்து, நேரில் வந்து பேசினார். அந்தப் பெண் அதற்குப் பிறகு 20 ஆண்டுகள் எங்களோடு இருந்தாள். பின்னாளில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவளும் அவள்தான்.

இதற்கு ஒரு காசும் செலவாகவில்லை. இரவு வேலை பகலுக்குத் தெரிய வேண்டுமென்றால், இரவில் இருப்பவர் அதை எழுத வேண்டும், பெயரோடு எழுத வேண்டும். உங்கள் ஒப்படைப்புக் குறிப்பேட்டை எடுத்துப் பாருங்கள். பழுதுகளும் பற்றாக்குறைகளும் மட்டுமே அதில் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அந்தப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வரையுங்கள்.

விடுதிப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். என் கடைசி ஆண்டுகளில் நேப்பாளப் பெண்கள் நிறைய பேர் வந்தார்கள். மலாயில் பாராட்டினால் தலையாட்டுவார்கள், முகம் மாறாது. ஒருத்தியிடம் கேட்டு 'ராம்ரோ காம்' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டேன். நல்ல வேலை என்று பொருள். முதல் முறை சொன்னபோது அவள் கையில் வைத்திருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். எல்லார் முன்னிலையிலும் சொன்னால் கூசிப்போகிறவர்களும் உண்டு. அதனால் முதலில் தனியாகச் சொல்லிவிட்டு, "காலையில் வாசிக்கட்டுமா?" என்று கேட்பேன். வேண்டாம் என்றவர்களுக்குக் குறிப்பேட்டில் எழுதியதோடு நிறுத்திக்கொள்வேன்.


மறுமொழி 2
எழுதியவர்: மனிதவளப்பணி, கோலாலம்பூர்

வணக்கம் சகோதரி. மேலே எழுதிய அம்மாவின் அனுபவத்துக்குப் பிறகு நான் சேர்க்க வேண்டியது பெரும்பாலும் கணக்கும் சட்டமும்தான். ஆனால் நிர்வாகக் கூட்டத்தில் உங்களிடம் கேட்கப்போவதும் அவைதான்.

செயலியை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். உங்கள் உற்பத்தித் தளத்தில் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று நினைக்கிறேன். மருத்துவப் பாகங்கள் செய்யும் தூய்மை அறைகளில் பொதுவாக அப்படித்தான் இருக்கும். அப்படியிருக்க, 12 மணி நேரம் கைப்பேசியைத் தொட முடியாதவர் ஷிப்ட் முடிந்து பேருந்தில் தூங்குகிற நேரத்தில்தான் புள்ளி வழங்க வேண்டியிருக்கும். செயலியைப் பயன்படுத்தப்போகிறவர்கள் மேசையில் இருப்பவர்களே. நீங்கள் பட்டியலில் கண்ட சாய்வு இன்னும் கூடும்.

பணம், பொருள் பற்றிய கேள்விக்கு: சிறப்புச் சேவை, புத்தாக்கம், உற்பத்தித்திறன், நீண்ட காலச் சேவை போன்றவற்றுக்காக முதலாளி வழங்கும் விருதுகள், பணமாக இருந்தாலும் பொருளாக இருந்தாலும், ஆண்டுக்கு 2,000 ரிங்கிட் வரை ஊழியருக்கு வருமான வரி விலக்குப் பெறுகின்றன. நீண்ட காலச் சேவை விருது என்றால் அவர் ஒரே முதலாளியிடம் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்திருக்க வேண்டும். ஆனால் மாதாமாதம் எண்ணிக்கையை வைத்துக் கொடுக்கும் ஊக்கத்தொகை வேறு விதமானது. போனஸைப் போல அதற்கும் ஊழியர் சேமநிதிச் சந்தா கட்ட வேண்டும். விருது எது, ஊக்கத்தொகை எது என்று தாளில் தெளிவாகப் பிரித்து எழுதி, கணக்குப் பிரிவிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

இனி, மனத்தில் உறுத்துவதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பொதிதல் பிரிவு அக்காவின் சம்பளச் சீட்டைப் பார்த்தீர்களா? நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2020இல் முக்கிய நகரங்களில் 1,200 ரிங்கிட், 2022இல் 1,500 ரிங்கிட், 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட் என்று உயர்ந்துவந்திருக்கிறது. இது வேண்டிய உயர்வு, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பல தொழிற்சாலைகள் அடிமட்டத்தை மட்டும் உயர்த்திவிட்டு அதற்கு மேலே உள்ள படிகளை அப்படியே விட்டுவிட்டன. அதனால் நேற்றுச் சேர்ந்தவருக்கும் பதினான்கு ஆண்டு உழைத்தவருக்கும் இடையே அடிப்படைச் சம்பளத்தில் நூறு, நூற்றைம்பது ரிங்கிட் வேறுபாடுகூட இல்லாமல் போன இடங்களை நான் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில், "உங்கள் அனுபவத்தை மதிக்கிறோம்" என்று சான்றிதழ் கொடுத்தால், அந்த மதிப்பு எவ்வளவு என்பதைச் சம்பளச் சீட்டு ஒவ்வொரு மாதமும் அவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். 30,000 ரிங்கிட்டில் சம்பளப் படிகளைச் சரிசெய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பாராட்டுத் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே பணிமூப்பு வாரியாகச் சம்பளப் பட்டியலை இணைத்து நிர்வாகத்தின் முன் வையுங்கள். அதை வைக்கக்கூடிய இடத்தில் இருப்பவர் நீங்கள் மட்டுமே.

ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதியை மேற்பார்வையாளர்களுக்குச் செலவிடுங்கள் என்பது என் கருத்து. நீங்கள் எச்.ஆர்.டி. கோர்ப்புக்கு (மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு) மாதச் சம்பளத்தில் ஒரு விழுக்காடு கட்டணம் செலுத்திவருகிறீர்கள் அல்லவா? பதிவு பெற்ற பயிற்சியாளரை அமர்த்தினால் அந்த நிதியிலிருந்தே மேற்பார்வையாளர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். திட்டுவதற்கு எவரும் பயிற்சி கேட்பதில்லை. பாராட்டுவதற்கு, அதுவும் கண்ட ஒன்றைக் கண்டபடி சொல்வதற்கு, நம் மேற்பார்வையாளர்களில் பலருக்குச் சொற்கள் வராமல் தொண்டை அடைத்துக்கொள்கிறது. நானும் பழகித்தான் கற்றுக்கொண்டேன்.


மறுமொழி 3
எழுதியவர்: இரவுப்பணி, பட்டர்வொர்த்

வணக்கம். நான் டெக்னீஷியன். விருது வாங்கும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே அந்தப் பக்கத்திலிருந்து யாரும் இன்னும் பேசவில்லை.

முன்பு வேலை செய்த ஒரு தொழிற்சாலையில், இயந்திரத்தில் பாகங்களை வார்க்கும் அச்சுக்கூட்டை மாற்றுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். திருகுகளையும் நீர்க்குழாய் இணைப்புகளையும் இயந்திரம் நிற்பதற்கு முன்பே வண்டியில் அடுக்கி வைத்துக்கொண்டால் ஐம்பது நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று கண்டுபிடித்து, நானும் என் கூட்டாளியும் இரவு ஷிப்டில் இரண்டு மாதம் செய்து காட்டினோம். எங்களிடம் கேட்டு, படம் வரைந்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு போனவர் ஒரு பொறியாளர். ஆண்டு விருந்தில் புத்தாக்க விருது மேடையேறியபோது திரையில் எங்கள் வண்டியின் படம் இருந்தது. பெயர் அவருடையது மட்டுமே. நான் அந்த விருந்தில் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போய் என் கூட்டாளிக்குத் தொலைபேசியில் சொன்னேன்; அவன் அன்று இரவு ஷிப்டில் இருந்தான், விருந்துக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு இருவரும் அங்கே இல்லை.

ஆகவே சகோதரி, பாராட்டே இல்லாத இடத்தைவிட, பாராட்டு தவறான ஆளுக்குப் போகும் இடத்தில் ஈடுபாடு வேகமாகச் சாகிறது. எந்த விருதை அறிவிப்பதற்கு முன்பும், "இதை வேறு யார் யார் செய்தார்கள்?" என்று விருது பெறப்போகிறவரிடமே கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை அந்தப் பொறியாளரிடம் யாராவது கேட்டிருந்தால், அவர் எங்கள் பெயரைச் சொல்லியிருப்பார் என்றுதான் இன்றும் நம்புகிறேன். அவர் கெட்டவர் அல்லர். படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது.

இன்னொன்று. முழு வருகைப்படியை விருதோடு சேர்க்காதீர்கள். காய்ச்சல் என்று ஒரு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தவருக்கு அந்த மாதப் படியும் போய், 'சிறந்த ஊழியர்' தகுதியும் போகிறது என்றால், அவர் அடுத்த முறை காய்ச்சலோடு வேலைக்கு வருவார். மருத்துவப் பாகங்கள் செய்யும் இடத்தில் அது நல்லதா என்று நீங்களே யோசியுங்கள்.

ஒப்பந்த நிறுவனம் வழியாக வந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே மேசையில் ஒரே வேலையைச் செய்கிறவர்களில், அடையாள அட்டையின் நிறம் வேறு என்பதற்காக ஒருவர் பெயரைச் சொல்லாமல் விடுவது மனத்தைப் புண்படுத்தும்.


மறுமொழி 4
எழுதியவர்: கற்பித்தல்பணி, ஜோர்ஜ்டவுன்

நிறுவன உளவியல் கற்பிக்கிறேன். மேலே உள்ள மூன்று மறுமொழிகளிலும் சொல்லப்பட்டவற்றுக்கு ஆய்வுகளிலும் ஆதாரம் இருக்கிறது. நிர்வாகத்திடம் பேசும்போது உதவும் என்பதால் சிலவற்றைத் தருகிறேன்.

சம்பளம் பற்றிக் கோலாலம்பூர் நண்பர் சொன்னதை உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இலேயே வேறு விதமாகச் சொன்னார். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் விசாரித்த அவர், சம்பளம், பணிச்சூழல், மேற்பார்வை ஆகியவை சரியாக இல்லாதபோது மனக்குறையை உண்டாக்குகின்றன என்றும், சாதனையும் பாராட்டும் வேறொரு தளத்தில் மனநிறைவைத் தருகின்றன என்றும் பிரித்துக் காட்டினார். அந்தப் பிரிவினையின் துல்லியத்தைப் பற்றிப் பிற்காலத்தில் நிறைய விவாதம் நடந்திருக்கிறது. ஆனால் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை ஈடுகட்ட முடியாது என்ற கருத்து நிலைத்திருக்கிறது.

பினாங்குக்கு மிகவும் நெருக்கமான ஆய்வு ஒன்று இருக்கிறது. இஸ்ரேலில் ஒரு செமிகண்டக்டர் (மின்னணுச் சில்லு) தொழிற்சாலையில் நடத்தி, 2017இல் வெளியிட்டார்கள். ஒரு நாளின் உற்பத்தி இலக்கை எட்டினால் சிலருக்குப் பணம், சிலருக்குக் குடும்பத்தோடு சாப்பிடப் பீட்சா பற்றுச்சீட்டு, சிலருக்கு மேலாளரிடமிருந்து ஒரு பாராட்டுச் செய்தி என்று வைத்தார்கள். அந்த நாளில் மூன்றுமே உற்பத்தியை உயர்த்தின. ஆனால் பரிசு இல்லாத அடுத்தடுத்த நாட்களில், பணம் பெற்றவர்களின் உற்பத்தி எந்தப் பரிசும் இல்லாதவர்களுடையதைவிடக் கீழே இறங்கியது. 300 ரிங்கிட்டை 1,000 ஆக்குவதற்கு முன் இதை உங்கள் நிர்வாகம் ஒருமுறை யோசிக்கட்டும்.

வருகை விருது பற்றிய பட்டர்வொர்த் நண்பரின் எச்சரிக்கை மிகச் சரியானது. அமெரிக்காவில் ஒரு தொழிலகச் சலவை நிறுவனம், மாதம் முழுவதும் நேரம் தவறாமல் வந்தவர்களுக்கிடையே சீட்டுக் குலுக்கி 75 டாலர் பரிசு கொடுத்தது. 2016இல் வெளியான அந்த ஆய்வின்படி, தகுதி இழந்த பிறகு பலர் பழையபடி தாமதமாக வந்தார்கள். விருது வருவதற்கு முன்பே ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களின் ஊக்கம் குறைந்தது என்பதுதான் எனக்கு நெஞ்சில் தைத்த செய்தி. தாமதமாக வருகிறவர்களைத் திருத்தப் பரிசு வைத்தால், யாரும் கேட்காமலே நேரத்துக்கு வந்தவர்கள் தங்கள் ஒழுங்கை யாரும் கவனித்ததே இல்லை என்று உணர்கிறார்கள். ஆலையின் உற்பத்தித்திறனும் 1.4 விழுக்காடு குறைந்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். 2016இல் வெளியான இன்னோர் ஆய்வில், தரவுகளைப் பதிவு செய்யும் குழுக்களில் எல்லாருக்கும் நன்றி அட்டை கொடுத்ததைவிட, முதல் மூவருக்கு மட்டும் கொடுத்தபோது முன்னேற்றம் அதிகமாக இருந்தது. அந்த முன்னேற்றமும் பெரும்பாலும் அட்டை பெறாதவர்களிடமிருந்து வந்தது. எனவே தனித்துப் பாராட்டுவது தன்னளவில் தீயது என்று முடிவுகட்ட வேண்டாம். அது சில மணி நேர வேலை; அந்த வேலைக்காகவே அமர்த்தப்பட்டவர்கள்; பாராட்டு எல்லார் முன்னிலையிலும், சிறப்பாகச் செய்தவர்களுக்கு என்ற காரணத்தோடு கொடுக்கப்பட்டது. உங்கள் அக்கா விஷயத்தில் இல்லாமல் போனது அந்த வெளிப்படையான காரணம்தான். மாத விருதை நிறுத்துவதற்கு முன், காரணம் எழுதப்பட்ட விருதாக அதை ஒரு காலாண்டு நடத்திப் பாருங்கள்.

அளந்து பார்க்க விரும்பினால், நீண்ட கருத்தாய்வு தேவையில்லை. காலப் (Gallup) என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் உலகெங்கும் கேட்கும் 12 கேள்விகளில் நான்காவது கேள்வி, கடந்த ஏழு நாட்களில் நல்ல வேலைக்காகப் பாராட்டு கிடைத்ததா என்பது. ஆண்டுக் கணக்கையோ மாதக் கணக்கையோ விட்டு ஏழு நாட்களைக் கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இந்த ஒரு கேள்வியை மலாய், தமிழ், நேப்பாளம், பர்மியம் ஆகிய மொழிகளில் சிறு தாளில் அச்சிட்டு, பெயர் கேட்காமல், ஷிப்டை மட்டும் குறிக்கச் சொல்லி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியில் போடச் சொல்லுங்கள். பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு உங்கள் கண்ணுக்கு நேரே தெரிந்துவிடும்.


மறுமொழி 5
எழுதியவர்: செம்பருத்தி, பிறை

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எழுதுவதற்கு முன் ஏதாவது செய்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

பாயான் பாரு அம்மா சொன்னபடி குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, அம்மா. ஆறு மாதப் பக்கங்களில் பழுது, பற்றாக்குறை, தாமதம் ஆகியவை மட்டுமே இருந்தன. ஆள் பெயர் வரும் இடமெல்லாம் தவறு நடந்த இடம். இரண்டு லைன்களில் மட்டும் ஒரு கட்டம் கூடுதலாக வரைந்து, 'யார், எதைக் கண்டார், எது தப்பித்தது, கூட இருந்தவர் யார்' என்று நான்கு சொற்றொடர்களைத் தலைப்பாக அச்சிட்டிருக்கிறோம். நான்காவது தலைப்பு பட்டர்வொர்த் சகோதரருக்காகச் சேர்த்தது. முதல் வாரம் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. இரண்டாவது வாரத்தில் ஒரு மேற்பார்வையாளர் 'எல்லாரும் நன்றாக வேலை செய்தார்கள்' என்று எழுதினார். அவரோடு உட்கார்ந்து பேசினேன். மூன்றாவது வாரத்தில் இரவு ஷிப்டிலிருந்து ஐந்து குறிப்புகள் வந்திருக்கின்றன.

சம்பளப் பட்டியலையும் தயாரித்துவிட்டேன். அதைப் பார்த்த எங்கள் நிதி மேலாளர் நீண்ட நேரம் பேசவில்லை. அடுத்த மாத நிர்வாகக் கூட்டத்தில் அதைத் தனிப் பொருளாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். என்ன நடக்கும் என்று இப்போது உறுதி சொல்ல முடியாது. செயலி வாங்கும் யோசனையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பிறகு அந்த அக்கா. அவருடைய மேற்பார்வையாளரிடம் போய், எதற்காக அவரைப் பரிந்துரைத்தீர்கள் என்று கேட்டேன். "பொறுப்பானவர்" என்றார். எந்த நாளில், எந்த வேலையில் என்று விடாமல் கேட்டேன். கால் மணி நேரம் யோசித்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. மருத்துவப் பாகங்களை உறையிலிட்டு வெப்பத்தால் ஒட்டும் இயந்திரத்தில், ஒட்டுப்பட்டையின் ஒரு முனை சூடேறாமல் இருந்திருக்கிறது. உறைகள் பார்வைக்கு ஒட்டியது போலவே தெரிந்தன. அக்கா ஓர் உறையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்து, விளிம்பில் நூல் அளவுக்கு ஒரு தெளிந்த கோடு ஓடுவதைக் காட்டி, அதுவரை ஒட்டிய உறைகளையெல்லாம் தனியாக எடுத்து வைக்கச் செய்திருக்கிறார். காற்று புகுந்தால் அந்த உறையின் தூய்மை போய்விடும். அந்தப் பாகம் ஒரு நோயாளியின் உடலுக்குள் போகக்கூடியது.

இதை அப்படியே தமிழிலும் மலாயிலும் எழுதிப் புதிய சான்றிதழாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனேன். அக்கா இரண்டு முறை வாசித்தார். பிறகு, "தங்கச்சி, இதில் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது" என்றார். பக்கத்து மேசையிலிருந்த நேப்பாளப் பெண்தான் முதலில் ஓர் உறையைக் கையில் வளைத்துப் பார்த்துவிட்டு, ஏதோ சரியில்லை என்று அவரிடம் நீட்டினாளாம். அதன் பிறகுதான் அக்கா விளக்கில் பிடித்துப் பார்த்திருக்கிறார்.

சான்றிதழை மீண்டும் அச்சிட்டிருக்கிறோம், இரண்டு பெயர்களோடு, நேப்பாள மொழியிலும் சேர்த்து. மொழிபெயர்ப்பை விடுதியில் இருக்கும் ஒரு தம்பி சரிபார்த்துக் கொடுத்தார். படத்தைத் திரும்ப மாட்டுவதா என்று அக்காவிடம் இன்னும் கேட்கவில்லை. அந்தப் பெண் இந்த வாரம் இரவு ஷிப்டில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி ஒப்படைப்புக்கு நானே லைனுக்குப் போகிறேன்.